சுமதாங்கிக் கல்லுகிட்ட இறங்குன முள்ளு

மணி பன்னெண்டரை இருக்கும்... ராத்திரி இல்ல, மதியம். பேய்னா ராத்திரிதான் வரணும்னு யாரு சொன்னா? கரிசக்காட்டுல உச்சிப்பொழுது ராத்திரிய விட மோசம். ராத்திரியில ஒரு நாயாவது கொலைக்கும், ஒரு ஆந்தையாவது கத்தும். உச்சியில அதுவுங் கெடையாது. நம்ம நெழலே நம்ம காலுக்கடியில போயி ஒளிஞ்சுக்கிரும்.

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி போற ரோடு. ரெண்டு பக்கமும் வெடிச்சுக் கெடக்குற கரிசல். அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணா உடமரம். ரோட்டுல ஈ காக்கா இல்ல... ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் நிக்கிது. பக்கத்துல ஒரு ஆளு வேர்த்து ஊத்த, அத ஒதைக்கிறாரு... ஒதைக்கிறாரு... வண்டி கெளம்ப மாட்டேங்குது.

அவருதான் வேங்கடபதி. நம்ம சௌடையா இருக்கான்ல, நம்ம கொட்டகையில கடைசித் தறி ஓட்டுறவன், அவனோட அக்கா வீட்டுக்காரரு. இன்னைக்கு அவன் வேலைக்கு வரல, அதனாலதான் சொல்றேன். அவன் இருந்தா இதப் பேச விடமாட்டான், எந்திரிச்சுப் போயிருவான். முத்துமணி, அந்த லாந்தரைக் கொஞ்சம் எறக்கி வையி... மண்ணெண்ண விடியிற வரைக்கும் வேணும். கரண்டு இப்போதைக்கு வராது.

வேங்கடபதிக்கு வீடு அருப்புக்கோட்டை, மோட்டார் வேல. தெலுங்கு பேசுற நெசவுக்கார வீடுதான், ஆனா அவரு தறியில ஒக்காரல. பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுவாரு, ஆயில் எஞ்சினப் பிரிச்சுப் பூட்டுவாரு. அந்த வருஷம் எழுபத்துநாலு. மழை ஏமாத்திருச்சு. கெணறெல்லாம் அடி தட்டிருச்சு. தண்ணி கொறைஞ்சா மோட்டார் காத்த இழுத்துப் பொகையும். பொகஞ்சா இவரக் கூப்புடுவாக. பந்தல்குடிப் பக்கம், ரெட்டியபட்டிப் பக்கம், நரிக்குடிப் பக்கம்... விடிஞ்சா போகணும், பொழுதடைஞ்சா வரணும். தண்ணியே இல்லாத கெணத்துக்கு மோட்டாரச் சரி பண்ணிக் குடுத்துட்டு வாற பொழப்பு. மனுசன் அலுத்துப் போனாரு. சோத்துல கையி வச்சபடியே தூங்கிருவாராம். சௌடையா பாத்திருக்கான்.

அவரு சம்சாரம் வெங்கடலட்சுமி அப்ப முழுகாம இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல. இது மட்டும் தங்கி, நல்லா வயிறு தெரிய ஆரம்பிச்சிருச்சு. அவருக்கு இருந்த ஒரே சந்தோஷமும் அதுதான், ஒரே பயமும் அதுதான்.

அந்த வண்டிக்கு ஒரு விசேசம் உண்டு. பெட்ரோல் காட்டுற முள்ளு. அப்ப மோட்டார் சைக்கிளுக்கு ஏது அதெல்லாம்? மூடியத் தொறந்து, வண்டிய ஆட்டி, சலக் சலக்னு கேக்குதான்னு பாக்கணும், இல்ல குச்சிய விட்டு அளக்கணும். இவரு பழைய ஆயில் எஞ்சின் டேங்குல இருந்து ஒரு முள்ளுச் செட்டக் கழட்டித் தானே மாட்டியிருந்தாரு. பெருசா ஒண்ணுமில்ல. உள்ள ஒரு தக்கை மெதக்கும். தக்கையில ஒரு கம்பி. பெட்ரோல் ஏறுனா தக்கை ஏறும், மேல கண்ணாடிக்குள்ள முள்ளும் ஏறும். எறங்குனா எறங்கும்.

அன்னைக்கு முள்ளு பாதியில நிக்கிது. வண்டி மட்டும் நின்னு போச்சு. பிளக்கக் கழட்டித் தொடச்சாரு. ரிசர்வுல திருப்பிப் பாத்தாரு. கடைசியில டேங்கு மூடியத் தொறந்தாரு... காஞ்சு கெடக்கு. விரலால தட்டுனாரு. டொண்... டொண்ணுன்னு வெறும் பானைச் சத்தம்.

சரி, முள்ளு பொய் சொல்லிருச்சு, அவ்வளவுதான்னு வைங்க. ஆனா வாசம்? பெட்ரோல் டேங்கத் தொறந்தா மூக்குல அடிக்கும்ல? காலி டேங்குன்னா இன்னுங் கூட அடிக்கும். இதுல பெட்ரோல் வாசமே இல்ல. நனஞ்ச மண்ணு வாசம். மொத மழ விழுந்தா வருமே, அந்த வாசம்... மழையே இல்லாத வருஷத்துல.

தலையத் தூக்கிப் பாத்தாரு. ரோட்டோரமா ஒரு சுமதாங்கிக் கல்லு. ரெண்டு கல்ல நட்டு, மேல ஒரு கல்லப் படுக்க வச்சிருப்பாகள்ல, தலைச்சுமைய எறக்கி வைக்க... அது. வேற ஒண்ணுமில்ல. ஆனா பின்னாடி கழுத்துல யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சாம். சூடான காத்துன்னு நெனச்சுக்கிட்டாரு. திருச்சுழி வரைக்கும் வண்டியத் தள்ளிக்கிட்டே போனாரு. அங்க ஒரு கடையில பாட்டில்ல வச்சிருந்த பெட்ரோல வாங்கி ஊத்துனாரு. உள்ளங்கால் ரெண்டும் கொப்பளம்.

வந்த ஞாயித்துக்கெழம வீட்டு முத்தத்துல டேங்கக் கழட்டிப் போட்டாரு. மீதி பெட்ரோல ஒரு டின்னுல வடிச்சு வச்சாரு.

"தறி பக்கத்துல எதுக்கு இத வச்சுக்கிட்டு... நூலெல்லாம் நாத்தம் பிடிக்கும்"னு லட்சுமி தெலுங்குல சத்தம் போட்டுச்சு. வீட்டுல அவுகளுக்குத் தெலுங்குதான்.

"செத்த நேரம் பொறு. பாதி காட்டிட்டு நடுக்காட்டுல விட்டுருச்சுல்ல. இன்னொரு தடவ தள்ள என்னால ஆகாது."

அவரு மனசுக்குள்ள ஒரு கணக்கு. தக்கை ஊறிப் போனா அது முங்கும், முள்ளு கொறச்சுக் காட்டணும். இது கூடக் காட்டுது. அப்ப தக்கை எங்கயோ சிக்கிக்கிட்டு எறங்காம நிக்கிது. சரின்னு முள்ளுச் செட்ட உருவப் போனா, வரல. எதுவோ உள்ள பிடிச்சு வச்சிருக்கு. மெதுவா ஆட்டி ஆட்டி இழுத்தாரு. பொடக்குன்னு வந்துச்சு. தக்கையச் சுத்தி ஒரே மண்ணு. கரிசல் மண்ணு. வெளிச்சத்துக்கு டேங்கச் சாச்சு உள்ள பாத்தாரு... ஒரு பக்கமா அடியில இருந்து பாதி வரைக்கும் மண்ணு அப்பிக் காஞ்சு, வெடிச்சுக் கெடக்கு. கோடையில கம்மாத் தரை வெடிச்சுக் கெடக்குமே, அச்சு அசலா அதே மாதிரி.

மூடி போட்ட டேங்கு. உள்ள எப்பிடி மண்ணு வந்துச்சு? யாரோ வெளையாட்டா அள்ளிப் போட்டுருக்கணும்னு நெனச்சாரு. வேற என்னத்த நெனைக்க?

பொடிச் சரளக் கல்ல உள்ள போட்டு, கொஞ்சம் பெட்ரோல ஊத்தி, குலுக்கிக் குலுக்கிக் கழுவுனாரு. கருப்பா ஊத்துச்சு. தண்ணி தெளியிற வரைக்கும் பானையக் கழுவுற மாதிரி, பெட்ரோல் தெளியிற வரைக்கும் கழுவுனாரு. புதுத் தக்கைய அளவா வெட்டி, காயிலுக்குப் பூசுற வார்னிஷத் தடவி வெயில்ல காய வச்சாரு. கம்பிய நிமித்தி, உரசுற எடத்த அரத்தால ராவுனாரு. அப்புறம் ஒவ்வொரு பாட்டிலா ஊத்தி, முள்ளு நிக்கிற எடத்துக்கெல்லாம் செகப்புப் பெயிண்டால கோடு போட்டாரு. ஊத்துனா ஏறுது. வடிச்சா எறங்குது. ஒரு மயிரிழை தப்பல. அன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்குனாரு.

மறுபடியும் நரிக்குடிப் பக்கம் வேல. மாரிச்சாமின்னு ஒரு சம்சாரி தோட்டம். டேங்கு நெறய ஊத்திக்கிட்டுப் போனாரு. கெளம்ப நேரமாயிப் போச்சு, அதே உச்சிப்பொழுது. சுமதாங்கிக் கல்லு தூரத்துல தெரியிது. அப்ப ஒரு சத்தம். எஞ்சின் சத்தத்துக்குள்ள இன்னொரு சத்தம். தொடைக்கு நடுவுல, டேங்குக்குள்ள இருந்து...

மடக்... மடக்... மடக்...

குனிஞ்சு பாத்தாரு. முள்ளு எறங்குது. கண்ணு முன்னாடி எறங்குது. தாகத்துல வந்தவுக செம்ப வாயில கவுத்து, மூச்சு விடாமக் குடிப்பாகள்ல... குடிச்சு, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் குடிக்கிற மாதிரி. எறங்கும். நிக்கும். எறங்கும். கல்லுக்கு நேரா வந்ததும் வண்டி செத்துப் போச்சு.

அப்ப அவருக்கு ஓடத் தோணல. அம்புட்டு அசதி. லாரிக்காரங்க முன்னாடி தொங்க விடுவாங்கள்ல கித்தான் தண்ணிப் பை, அது ஒண்ணு வண்டியில இருந்துச்சு. குடிச்சுட்டு யோசிப்பம்னு அதத் தொறந்தாரு. தொறந்த நிமிசத்துல, குடிக்க வேண்டியது தானில்லன்னு தோணிருச்சாம். ஏன்னு கேட்டா இன்னைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது. கல்லுக்கிட்டப் போயி, பையோட கவுத்துட்டாரு. ஊத்த ஊத்தத் தண்ணி மண்ணுல சுவடே இல்லாமப் போச்சு. சுர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பி வந்து ஒதச்சா, வண்டி கெளம்பிருச்சு. திருச்சுழி போற அளவுக்கு மட்டும் பெட்ரோல் இருந்துச்சு.

மாரிச்சாமி சம்சாரம் ஒச்சம்மாளுகிட்ட இதச் சொன்னாரு. அந்தம்மா கம்பு பொடச்சுக்கிட்டு இருந்தவுக, சொளக கீழ வச்சிட்டாக.

"தம்பி, சுமதாங்கிக் கல்லு எதுக்கு நடுவாகன்னு தெரியுமா? வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்கு நடுறது. பெறாத பிள்ளைய அவ சுமந்துக்கிட்டே போயிட்டால்ல, அந்தச் சுமை எறங்கட்டும்னு. எங்க ஆத்தா சின்னப் பிள்ளையா இருந்தப்ப நடந்தது அது. எந்த ஊருக்காரியோ, பேரு கூடத் தெரியாது. பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு ஒத்தையில நடந்து போயிருக்கா. இதே மாதிரிப் பஞ்சம். தண்ணி கேட்ட எடத்துல எல்லாம் இல்லன்னுட்டாக. உச்சி வெயில்ல அந்த எடத்துல விழுந்தவ... எந்திரிக்கல."

சொளகத் திரும்ப மடியில எடுத்து வச்சாக. அப்புறம் மெதுவாக் கேட்டாகளாம், "ஒங்க வீட்டுல முழுகாம இருக்காகளா?"

இவரு தலைய ஆட்டுனாரு.

"அப்ப அந்தப் பக்கம் மதியத்துல போகாதீக. போனாலும் தண்ணி ஊத்தாமப் போகாதீக. பேச்சு மட்டும் குடுக்காதீக தம்பி."

அதுல இருந்து போறப்ப ஒரு பை, வாறப்ப ஒரு பைன்னு ஊத்திருவாரு. மண்ணு சுர்ருன்னு குடிச்சுக்கிரும். முள்ளு அசையாது. போட்ட கோட்டுல அப்பிடியே நிக்கும். பயமெல்லாம் போயிருச்சு. வேலையில இதுவும் ஒரு வேல. யாருக்கிட்டயும் சொல்லல, லட்சுமிகிட்டயும் சொல்லல.

பங்குனிக் கடைசி. வேங்கடபதி, மாரிச்சாமியோட கெணத்துக்குள்ள எறங்கி வேல பாத்துக்கிட்டு இருக்காரு. மேல இருந்து ஒச்சம்மா கத்துறாக. "தம்பி, ஏறி வாங்க! பஸ்ஸு கண்டக்டரு சொல்லிட்டுப் போறாரு... ஒங்க மச்சினன் சௌடையா சொல்லிவிட்டானாம். வீட்டுல காலையிலயே வலி எடுத்திருச்சாம், பிள்ள எறங்கலையாம். ஒடனே வரச் சொல்றாக!"

கை எண்ணெயக் கூடத் தொடைக்கல. ஏறுனாரு, வண்டிய எடுத்தாரு. திருச்சுழியில பெட்ரோல் ஊத்திக்கிட்டாரு. அங்க இருந்து ஒரே முறுக்கு. கல்லு கண்ணுக்குத் தெரிஞ்சப்பத்தான் நெனப்பு வருது... தண்ணிப் பைய, கெணத்துல ஆழம் வெட்டிக்கிட்டு இருந்த ஆளுக குடிச்சு முடிச்சுட்டாக. பை காலியாத் தொங்குது.

மடக்... மடக்...

"ஆத்தா, இன்னைக்கு இல்ல ஆத்தா... வலி எடுத்துருச்சுன்னு சேதி வந்திருக்கு... நாளைக்குக் குடமா கொண்டாந்து ஊத்துறேன்..." கத்திக்கிட்டே முறுக்குனாரு. முள்ளு கோடு கோடா எறங்குது. கல்லுக்கு நேரா வந்து வண்டி நின்னு போச்சு.

சத்தமே இல்ல. சூடான எஞ்சின் மட்டும் டிக்... டிக்னு ஆறுது. ஒதச்சாரு. ஒதச்சாரு. டேங்கத் தொறந்தா மண்ணு வாசம். முன்னயும் பாத்தாரு, பின்னயும் பாத்தாரு, ஒரு மாட்டு வண்டி இல்ல. அப்பிடியே ரோட்டுல ஒக்காந்துட்டாரு. ஒடம்புல ஒரு சொட்டுத் தெம்பு இல்ல. ஏங்கி ஏங்கி அழுதாராம்.

அழுது முடிச்சு, கல்லப் பாத்து வாயத் தொறந்துட்டாரு. அந்தம்மா சொன்னது அந்த நேரத்துல யாருக்கு நெனப்பு இருக்கும்?

"என்னால முடியல தாயி. ஒனக்கு என்ன வேணும்? தண்ணிதான? எங்க வீட்டுல ரெண்டு குடம் நெறஞ்சு இருக்கு. வேணும்னா நீயும் ஏறிக்க... என்னைய மட்டும் கொண்டு போயிச் சேத்துரு."

காத்து நின்னு போச்சு.

பின் சீட்டு ஸ்பிரிங்கு, கிரீச்... சுன்னு மெதுவா அமுங்குச்சு. ஒரு ஆளு, நெறமாசத்துக்காரி பாத்துப் பக்குவமா ஏறி ஒக்காந்தா எப்பிடி அமுங்கும்... அப்பிடி.

அவரு திரும்பிப் பாக்கல. எந்திரிச்சு ஏறி, ஒரு ஒத. வண்டி சீறிக்கிட்டுக் கெளம்புச்சு. முள்ளு அடியில கெடக்கு. அருப்புக்கோட்டை வரைக்கும் அடியிலயே கெடந்துச்சு. முதுகுல ஒரு கனம் சாஞ்சிருந்துச்சு. பள்ளத்துல வண்டி எறங்குனா, காதோரமா "ம்ம்"முன்னு ஒரு முனகல். வலி பொறுக்குற முனகல்.

தெரு முக்கு திரும்புனதும் முதுகுல இருந்த கனம் எறங்கிருச்சு. அவரு வீட்டு வாசல்ல வந்து நிக்கவும், உள்ள பிள்ள அழுகுற சத்தம் கேக்கவும் சரியா இருந்துச்சு.

பேறு பாத்த நர்ஸு கோகிலாம்பாள் வெளிய வந்தாக. மூஞ்சியெல்லாம் வேர்வ. "பொம்பளப் பிள்ளப்பா. ரெண்டு உசுரும் தப்புனது சாமி புண்ணியம். லட்சுமி மூச்சே நின்னு போச்சுன்னு நான் கைய விட்டுட்டேன். ஒன் வண்டிச் சத்தம் முக்குல கேட்டுச்சு பாரு... சடக்குன்னு கண்ணு முழிச்சுத் 'தண்ணி'ன்னா. செம்பு செம்பா ஊத்துறேன், அடங்கல. ரெண்டு குடமும் காலி. அதுக்கப்புறம் ஒரே முக்கு... பிள்ள வெளிய வந்திருச்சு. இப்பிடி ஒரு தாகத்த நான் பாத்ததே இல்ல."

வேங்கடபதி சுவத்துல சாஞ்சு அப்பிடியே சரிஞ்சு ஒக்காந்தாரு. பொண்டாட்டி உசுரோட இருக்கா, பிள்ள உசுரோட இருக்கு. அதுக்கு மேல அவரு எதையும் யோசிக்கல. யோசிக்கிற நெலமையில அவரு இல்ல. ஒரு வாரம் வேலைக்குப் போகாமத் தூங்குனாரு.

லட்சுமி அதிகமாப் பேசல. பச்ச ஒடம்பு, அசதின்னு விட்டுட்டாக. இவரு உள்ள போனா, அசலூர் ஆளப் பாக்குற மாதிரி முந்தானைய இழுத்துப் போத்திக்கிரும். கண்ணு மட்டும் தண்ணிக் குடத்து மேலயே இருக்கும். "பேறுகாலத்துக்காரி இம்புட்டுத் தண்ணி குடிக்கக் கூடாது"ன்னு நர்ஸு வஞ்சுக்கிட்டே இருந்தாக.

பிள்ளைக்குத் தொட்டில் கட்டுன மறுநாள், குடுத்த வாக்க நெறவேத்தணும்னு கெளம்புனாரு. வண்டிக்குப் பின்னாடி ஒரு குடம் தண்ணியக் கயித்தப் போட்டுக் கட்டிக்கிட்டுப் போனாரு. அதே உச்சி வெயிலு. கல்லுக்கிட்ட வந்தாச்சு. முள்ளு அசையல. சத்தமில்ல, மண்ணு வாசமில்ல. குடத்தச் சுமந்துக்கிட்டுப் போயி, கும்பிட்டு, கவுத்தாரு.

சுர்ருன்னு கேக்கும்னு நின்னாரு.

கேக்கல. வெடிச்ச கரிசல், வாய்க்கா வாய்க்காவாப் பொளந்து கெடக்குற மண்ணு... அது மேல தண்ணி அப்பிடியே தேங்கி நிக்கிது. ஒரு சொட்டு உள்ள போகல. அதுல வானம் தெரியிது. குடிக்க அங்க ஆளு இல்ல.

குடத்தப் போட்டாரு போட்ட எடத்துல. அருப்புக்கோட்டைக்கு அன்னைக்கு வண்டி ஓட்டுன மாதிரி அவரு என்னைக்கும் ஓட்டுனதில்ல. தெரு முக்கிலயே எஞ்சின நிறுத்திட்டாரு. மெதுவா வீட்டு வாசலுக்கு வந்து நின்னாரு. கதவு பாதி சாத்தி இருந்துச்சு. உள்ள தொட்டிக் கயிறு ஆடுற சத்தம். கிரீச்... கிரீச்...

லட்சுமி பிள்ளைகிட்டப் பேசிக்கிட்டு இருந்துச்சு. கொரலு அதோட கொரலுதான். ஆனா தெலுங்கு இல்ல. தமிழு. நம்ம டவுனுத் தமிழும் இல்ல... கெழக்க, காட்டு வேல பாக்குற பொம்பளைக பேசுற பேச்சு. லட்சுமி அந்தப் பக்கம் போனதே கெடையாது.

"நடந்து நடந்து காலு வெந்து போச்சு என் ராசாத்தி... இந்தா, வந்து சேந்துட்டம்ல. இனி எங்கயும் நடக்க வேணாம்... இதுதேன் நம்ம வீடு."